சுற்றாமல் விட்ட ஃபிலிம்

அம்மா தட்டிய தட்டில் குளியலறைத் தாழ்ப்பாள் கிடுகிடுவென்று ஆடியது.

"உள்ள குளிக்கிறியா, குடும்பம் நடத்துறியா? நாள்பூரா நாத்தத் துணியில கெடந்துட்டு வந்து நிக்கிறேன்டி. ரெண்டு வாளி தண்ணி ஊத்த விடு."

"ஃபிலிம் ஏத்துறேம்மா. இப்பக் கதவத் தொறந்தா அத்தனையும் போச்சு."

"போகட்டும். என் தோலே போயிருச்சு, உன் ஃபிலிமு போனா என்ன?"

மகள் இருட்டில், விரல் தடவித் தடவி ஃபிலிமைச் சுருளில் ஏற்றினாள். ஃபிலிம் கழுவுகிற டப்பாவுக்குள் அதை வைத்து மூடியைத் திருகி, விளக்கைப் போட்டு, கதவைத் திறந்தாள். அம்மா இடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவளோடு கூடவே அழுக்குத் துணியின் வாடையும் மருந்து நெடியும் போயின.

வீட்டில் அவளுக்கு 'டிகிரி' என்று பெயர். இந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறி இறங்கிய முதல் ஆள் அவள்தான். அண்ணன் கிண்டலாகக் கூப்பிட ஆரம்பித்தான். பிறகு தெரு முழுக்க அதுவே ஒட்டிக்கொண்டது. டிகிரிக்குக் கிடைத்த வேலை ஜெராக்ஸ் கடையில். அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களை அவள் மறுபடி சிரிக்க விடுவதில்லை. "உங்க வீட்டுப் பத்திரத்த நகல் எடுக்கையில தப்பாக் கவுத்து வச்சிருவேன், பாத்துக்கங்க" என்பாள்.

கேமரா பழைய சாமான் கடையில் கிடைத்தது. கறுப்புத் தகரப் பெட்டி. முன்னால் ஒரு கண்ணாடி, பக்கத்தில் ஒரு விசை, மேலே ஒரு குமிழ். தூரத்தைச் சரிசெய்ய ஒன்றும் கிடையாது. அது எதைத் தெளிவாகப் பார்க்க விரும்புகிறதோ அதைப் பார்க்கும். கிட்டத்தில் இருப்பதெல்லாம் கொஞ்சம் புகையும், எட்ட இருப்பது பளிச்சென்று விழும். பின்பக்கம் சிவப்புக் கண்ணாடி வைத்த ஒரு சின்ன வட்டம். ஒரு படம் எடுத்ததும் குமிழைச் சுற்ற வேண்டும். அந்த வட்டத்தில் அடுத்த எண் வந்து நின்றால் அடுத்த படத்துக்கு இடம் தயார். சுற்ற மறந்துவிட்டு மறுபடி விசையைத் தட்டினால் அது தடுக்காது, கேள்வியும் கேட்காது. எடுத்த படத்தின் மேலேயே இன்னொன்றை எடுத்து வைத்துவிடும்.

"டிபன் பாக்ஸ்ல போட்டோ புடிக்கிற மொத ஆளு நீதான்" என்பான் அண்ணன்.

"நீ ஓட்டுற வண்டிய விட இது நல்லா ஓடும்" என்பாள் இவள். அண்ணன் ஓட்டுவது சலவை ஆலையின் வண்டி. ஆஸ்பத்திரிகளில் அழுக்கை ஏற்றி, வெளுத்ததை இறக்குகிற வேலை. அம்மாவுக்கும் அதே ஆலையில்தான் வேலை.

அம்மா குளித்து வந்து சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது, கொடியில் ஃபிலிம் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த ஃபிலிமில் ஒவ்வொரு கட்டமும் உள்ளங்கையில் பாதி இருக்கும். சன்னல் பக்கம் பிடித்தாலே யார் எவர் என்று தெரிந்துவிடும். டிகிரி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அண்ணன் வண்டியின் மேல் படுத்திருப்பது. கடைக்கு எதிரே நிற்கும் மரம். அதற்கடுத்த கட்டத்தில் அவள் கை நின்றுவிட்டது.

ஒரே உடம்பில் இரண்டு பேர் இருந்தார்கள்.

அந்தப் படம் எடுத்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மழைக்காலத்துக்கு முன்பு. அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் கேமராவையும் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தாள். அப்போது அம்மா துணி தேய்க்கிற ரோலரில் நின்றாள். ஈர விரிப்பின் ஒரு முனையை அம்மாவும் மறு முனையைச் சோடா என்கிற அக்காவும் பிடித்து, சூடான உருளைக்குள் விடுவார்கள். அந்தப் பக்கம் மொறுமொறுவென்று வந்து விழும். சோடாபாட்டில் அடி மாதிரிக் கட்டிக் கண்ணாடி போட்டதால் அந்த அக்காவுக்கு ஊரெல்லாம் சோடா. டிகிரிக்குச் சித்தி. இரண்டு பேரும் ஜோடி. "ஆச்சா?" என்று சோடா கேட்பாள். துணியின் ஓரத்தை நேராக்கிக்கொண்டு "ஆச்சு" என்பாள் அம்மா. அதற்குப் பிறகுதான் துணி உள்ளே போகும். நாள் முழுக்க ஆச்சா, ஆச்சு. நடுநடுவே ஊர்க் கதை.

உள்ளே வெளிச்சம் போதாது. அதனால் டிகிரி கேமராவைச் சுவரோர இரும்புத் தட்டில் வைத்து, விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாள். அம்மா விரிப்பைப் பிடித்தபடி ரோலருக்கு முன்னால் நின்றாள். கை அசையவில்லை. வாய் மட்டும் நிற்காமல் சிரித்தது. அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வந்துவிட்டான். டிகிரி ஒரு துண்டை எடுத்துக் கேமரா மேல் போட்டுவிட்டு, சாப்பாட்டுக் கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு நல்ல பிள்ளை மாதிரி நின்றாள். அவன் போனதும், "என்னையும் ஒண்ணு எடுடி, உங்கம்மா மட்டும்தான் அழகியா?" என்று அதே இடத்தில் வந்து நின்றாள் சோடா. மூச்சைப் பிடித்து முகத்தைச் சிலையாக வைத்துக்கொண்டாள். கையைத்தான் எங்கே வைப்பதென்று தெரியாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள். துண்டை எடுத்து மறுபடி அழுத்தினாள் டிகிரி. குமிழைச் சுற்றவில்லை.

ஃபிலிம் விலையை நினைத்து நினைத்து எடுத்ததில் அந்தச் சுருள் முடியவே மழைக்காலம் போய்விட்டது. அதற்குள் அந்த ஜோடியும் பிரிந்துவிட்டது. ஒரு நாள் அம்மாவின் வலது கை துணியோடு சேர்ந்து உருளைக்குள் போனது. மணிக்கட்டுவரை வெந்தது. உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை இடித்தால் மெஷின் அப்படியே நின்றுவிட வேண்டும். மேஸ்திரி எல்லாரையும் கூட்டி வைத்து, கம்பியைத் தட்டிக் காட்டினான். நின்றது. "பாருங்க, நிக்குதா இல்லையா? கவனம் இல்லாம கைய விட்டா நான் என்ன பண்ண?" என்றான். சோடாவைக் கேட்டான். சோடா தரையைப் பார்த்துக்கொண்டு, "அக்கா வேற எங்கயோ பாத்துக்கிட்டு இருந்துச்சு" என்றாள்.

கை ஆறித் திரும்பி வந்தவளை அழுக்குப் பிரிக்கிற அறைக்கு அனுப்பிவிட்டார்கள். ரத்தம், சீழ், மலம். கவனமில்லாதவள் என்று ஆலை முழுக்கப் பெயர். நாற்றத்தைக் குளித்துத் தொலைக்கலாம். அந்தப் பெயரை எதைப் போட்டுக் கழுவுவது? அம்மா அதன்பின் சோடாவின் வாசல் வழியாகப் போவதையே விட்டு, அடுத்த தெருவைச் சுற்றிப் போனாள்.

ஃபிலிம் காய்ந்த மறுநாள் அந்தக் கட்டத்தைக் கடை ஸ்கேனரில் ஏற்றி, கறுப்பு வெள்ளையைத் திருப்பி, பெரிதாக அச்சிட்டுக் கொண்டுவந்தாள் டிகிரி. மறைத்து வைக்கத்தான் நினைத்தாள். அண்ணன் உருவிவிட்டான்.

"அம்மா, இங்க வந்து பாரு. நீ கண்ணாடி போட்டிருக்க."

அம்மா பார்த்தாள். கை அவளுடையது. வேகாத பழைய கை. விரிப்பைப் பிடித்திருந்த பிடியும் அவளுடையது. கழுத்துக்கு மேலே சிரித்து ஆடியதில் அவள் முகம் கரைந்துபோய், அந்த இடத்தில் கட்டிக் கண்ணாடியோடு சோடா விறைப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருடி இத ஒட்டுனது?"

"ஒட்டலம்மா. சுத்த மறந்துட்டேன்."

"என் ஒடம்புல அவ மூஞ்சியா? நான் பாத்த வேலைக்கு அவ தலையக் காட்டிக்கிட்டு நிக்கிறாளா? படத்துலயும் அதுதானா? கிழி."

"நல்ல படம்மா."

"நல்லதோ கெட்டதோ, கிழி. இல்ல, அடுப்புல போடு."

"அடுப்பு கேஸ் அடுப்பு. பத்திக்கும்" என்றான் அண்ணன். அம்மா கரண்டியை ஓங்கவும் வெளியே ஓடிவிட்டான்.

டிகிரி கிழிக்கவில்லை. கடைக்குக் கொண்டுபோய் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தாள். அதைத்தான் ஒரு தாடிக்காரர் பார்த்தார். நூலகக் கூடத்தில் வருஷா வருஷம் புகைப்படக் கண்காட்சி நடத்துகிறவர். அழைப்பிதழ் நகலெடுக்க வந்திருந்தார்.

"யார் எடுத்தது இது?"

"நான்தான்."

"அடடா! உழைக்கிற பெண்ணோட உடல் ரெண்டாப் பிளந்து கெடக்கிறத எவ்வளவு நுட்பமாச் சொல்லியிருக்கீங்க! முகமும் கையும் ஒருத்தருக்கு ஒருத்தர் அந்நியம். 'சிதைவு'ன்னு பேர் வைக்கலாம்."

"அது சிதைவு இல்ல சார். மேஸ்திரி வந்துட்டான். அதான் சுத்தல."

"அதுதாங்க கலை. தற்செயல்."

"எங்கம்மா அப்பச் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கூடத்தில் நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவரைத் தருவதாகச் சொன்னார். படத்தில் இருப்பவரிடம் ஒரு சம்மதம் மட்டும் வாங்கிவிட வேண்டுமாம். 'இருப்பவர்' என்று ஒருமையில் சொன்னார். டிகிரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்தச் சுவர் அவளுக்கு வேண்டியிருந்தது. அதையும் அவள் மறுக்கவில்லை.

அம்மாவிடம் கேட்டால் என்ன கிடைக்கும் என்று தெரியும். சாயங்காலம் முதலில் சோடாவின் வீட்டுக்குப் போனாள்.

சோடா வாசலில் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்தவள் திரும்பவும் உட்கார்ந்தாள்.

"வா டிகிரி. ஒரு முட்டை சாப்பிடுறியா?"

"சாப்பிட வரல."

"உங்கம்மாவே தேவல. அவ பேசாமயாவது போறா. சரி, என்ன?"

டிகிரி படத்தை நீட்டினாள். சோடா கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

"அய்ய! என் தலைக்கு இந்த ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. உங்கக்கா சும்மாவே உன்னை முழுங்கப் பாப்பான்னு எங்க வீட்டுக்காரர் சொல்வாரு. முழுங்கியேவிட்டாளா?"

"கண்காட்சியில மாட்டக் கேக்குறாங்க. உங்களுக்குச் சம்மதமா?"

"அக்கா என்ன சொல்லுச்சு?"

"அடுப்புல போடச் சொல்லுச்சு."

"சொல்லும். ஏன் சொல்லாது?" சோடா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எட்ட இருப்பது தெரியாது, மூக்கோடு ஒட்டினால் எறும்பின் கால்கூடத் தெரியும். படத்தை மூக்குவரை கொண்டுபோனாள். தன் முகத்தைப் பார்த்தாள். அக்காவின் கையைப் பார்த்தாள். பிறகு காகிதம் கொஞ்சம் நகர்ந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன சித்தி?"

சோடா வெளிச்சத்துக்குத் திரும்பி உட்கார்ந்தாள்.

"என்னன்னு சொல்லுங்க."

"இது தெரியுமா எல்லாருக்கும்?"

"எது?"

சோடாவின் விரல் படத்தில் ஆட்களுக்குப் பின்னால் இருந்த இடத்தைத் தொட்டது. டிகிரி குனிந்து பார்த்தாள். ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை. பெண்கள் இருவரும் புகை மாதிரி இருந்தார்கள். பின்னால் நின்ற ரோலர் மட்டும் கல்லில் வெட்டியது போல இருந்தது. கேமரா நகரவில்லை, மெஷினும் நகரவில்லை. இரண்டு முறை அதே இடத்தில் விழுந்து இரண்டு மடங்கு தெளிவாக இருந்தது. அதன் முன்னால் தடுப்புக் கம்பி. கம்பியை மேலே தூக்கி, சட்டத்தோடு சேர்த்து ஒரு துணிக்கிழிசலால் கட்டியிருந்தது.

"கட்டியிருக்கு" என்றாள் டிகிரி.

"ம்."

"கட்டியிருந்தா கை பட்டாலும் நிக்காது."

"எப்படி நிக்கும்? அடிக்கடி கை தட்டி நின்னு போவுது, வேலை ஓட மாட்டேங்குதுன்னு மேஸ்திரிதான் கட்டச் சொன்னான். ரெண்டு காதையும் ஒரே பக்கம் விட்டுக் கட்டியிருக்குல்ல? அது என் முடிச்சு."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள். சோடா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள். ஒரு காதில் ஏறவில்லை. அப்படியே விட்டாள்.

"அக்கா கை உள்ள போச்சு. நான் கத்துறேன். அவன் ஓடியாந்து மெயின நிறுத்தினான். அக்காவ வண்டியில ஏத்தினதும் மொதக் காரியமா 'முடிச்ச அவுறு'ன்னான். அவுத்தேன். எல்லாரும் வர்றதுக்குள்ள அவுத்துட்டேன். அப்புறம் தட்டிக் காட்டினான், நின்னுச்சு."

"எங்கம்மாவுக்கு கம்பி கட்டியிருந்தது தெரியாதா?"

"தெரியாம என்ன? அது சொன்னா நம்பணுமே. கவனமில்லாதவ தப்பிக்கச் சொல்ற கதைன்னுட்டான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லல."

"சொல்லல."

"ஏன்?"

"அழுக்கு ரூமுக்கு ஒருத்தி போயிருந்தா. நானும் போகவான்னு பயந்தேன். போதுமா?"

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருப்பார்கள். டிகிரிக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"போதாது. எங்கம்மா ராத்திரி தூக்கத்துல 'ஆச்சு'ன்னு சொல்லிட்டு முழிச்சுக்குது சித்தி. கை வெந்ததுக்கு அழல. நீங்க தரையப் பாத்ததுக்குத்தான் அழுதுச்சு. இப்ப நான் சம்மதம் கேக்க வந்தது படம் மாட்ட இல்ல. நாளைக்கு நான் இத எடுத்துக்கிட்டு ஆலைக்கு வர்றேன். நீங்க வாயத் தொறப்பீங்களா, மாட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

"எங்கிட்ட சத்தம் போடாத. உனக்கு மூக்கு ஒழுகுறப்பத் தொடச்சு விட்டவ நான்."

"அதனாலதான் உங்ககிட்ட மொதல்ல வந்திருக்கேன். இல்லாட்டி நேரா முதலாளியம்மாகிட்டப் போயிருப்பேன்."

சோடா இன்னொரு முட்டையை எடுத்துத் தரையில் தட்டினாள். "படத்த இங்க வச்சுட்டுப் போ" என்றாள்.

"எதுக்கு?"

"வச்சுட்டுப் போடின்னா! பெரிய டிகிரி. எல்லாத்துக்கும் எதுக்கு எதுக்குன்னுட்டு."

மறுநாள் காலை டிகிரி கடைக்குப் போகவில்லை. தாடிக்காரர் போன் பண்ணினார்.

"சார், படம் தர்றேன். பேரு 'சிதைவு' இல்ல. கீழ ஒரு வரி போடணும்: 'கை பட்டால் மெஷினை நிறுத்தும் கம்பியைக் கட்டி வைத்திருக்கிறார்கள். முன்னால் நிற்பது அந்த மெஷினில் வேலை பார்க்கும் இரண்டு பேர்.'"

"எழுத்துப் போட்டா படம் செத்துருங்க. பாக்கிறவங்களே உணரட்டும்."

"உணர மாட்டாங்க சார். நீங்களும் உணரல, எடுத்த நானும் உணரல. வரியில்லாம படம் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க." போனை வைத்துவிட்டு, ஃபிலிமைக் காகித உறையில் போட்டாள். கேமராவையும் பையில் வைத்துக்கொண்டு அண்ணனின் வண்டியில் ஏறினாள்.

ஆலைக்குள் ஆவி இருந்தது, சோப்பு வாசனை இருந்தது, ரோலரின் சத்தம் மட்டும் இல்லை. சுற்றிப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். ரோலருக்கு மேலே சட்டத்தில், துணிக்குப் போடுகிற கஞ்சியைத் தடவி, சோடா படத்தை ஒட்டியிருந்தாள். சுருங்காமல், ஓரம் தூக்காமல், விரிப்பைத் தேய்ப்பது போல நீவி ஒட்டியிருந்தாள். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கிழிச்சுப் போடு அத!" என்று மேஸ்திரி கத்திக்கொண்டிருந்தான். "துணிய எடுங்க எல்லாரும். என்ன வேடிக்கை?"

யாரும் துணியை எடுக்கவில்லை. சத்தம் நின்றதைக் கேட்டுத்தான் முதலாளியம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"ஏன் ஓடல?"

"கம்பியக் கட்டினது நான்தாம்மா" என்றாள் சோடா. குரல் கூட்டத்தின் கடைசிவரை கேட்டது. "இவரு கட்டச் சொன்னாரு. அக்கா கை வெந்தப்பக் கட்டியிருந்துச்சு. அவுக்கச் சொன்னதும் இவருதான். அக்கா நேராத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்கு நான் பொய் சொன்னேன்."

"மேடம், ஒரு ஒடம்புல வேற தலைய ஒட்டியிருக்காங்க, பாருங்க. எல்லாம் கம்ப்யூட்டர் வேலை" என்றான் மேஸ்திரி. "இந்தப் பொண்ணு ஜெராக்ஸ் கடையில இருக்கு. தலைய மாத்தினவளுக்கு முடிச்சுப் போடத் தெரியாதா?"

டிகிரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். உறையிலிருந்து ஃபிலிமை உருவி, ஓரத்தில் பிடித்து நீட்டினாள்.

"இதுல கம்ப்யூட்டர் எங்க இருக்குன்னு காட்டச் சொல்லுங்க. சன்னல் பக்கம் புடிச்சுப் பாருங்கம்மா. விரல் படாம."

முதலாளியம்மா எழுத்துப் படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சன்னலுக்குப் போனாள். ஃபிலிமில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருந்தது. இரண்டு பெண்களும் வெளிறிய நிழலாகக் கலந்திருந்தார்கள். வெள்ளைக் கிழிசல் மட்டும் மையில் தோய்த்த மாதிரிக் கன்னங்கரேல் என்று நின்றது. கண்ணுக்குத் தெரியாமல் போக வழியே இல்லை.

"ஆஸ்பத்திரிக்காரங்க காதுக்குப் போச்சா இது?" என்றாள் முதலாளியம்மா, ஃபிலிமை இறக்காமலே.

"இன்னும் போகல. கண்காட்சிக்குப் போகுது" என்றாள் டிகிரி.

முதலாளியம்மா திரும்பி மேஸ்திரியைப் பார்த்தாள். அது நியாயத்துக்காகப் பார்த்த பார்வை என்று டிகிரி ஏமாறவில்லை. வியாபாரம் போய்விடுமே என்ற பயம்தான். பயமோ நியாயமோ, வேலை நடந்தால் சரி.

"அந்தம்மாவ இங்கயே கொண்டாந்து நிறுத்து" என்றாள் முதலாளியம்மா.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அழுக்கு அறை வாசலில் ரப்பர் கையுறையோடு அம்மா முன்பே வந்து நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மெதுவாக நடந்து வந்தாள். கூட்டம் வழிவிட்டது.

"நாளையிலேர்ந்து நீ ரோலருக்கே வந்துரும்மா" என்றாள் முதலாளியம்மா.

"வர்றேன். அதுக்கு முன்ன இவன் சொல்லட்டும்" என்றாள் அம்மா. "என்னைக் கவனமில்லாதவன்னு தனியாக் கூப்பிட்டுச் சொல்லல. எல்லாரையும் நிக்க வச்சுச் சொன்னான். இப்பவும் எல்லாரும் நிக்கிறாங்க. சொல்லட்டும்."

மேஸ்திரி முதலாளியம்மாவைப் பார்த்தான். அவள் ஃபிலிமைப் பார்த்தாள்.

"கம்பி கட்டியிருந்துச்சு" என்றான் அவன்.

"காதுல விழல" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"கம்பி கட்டியிருந்துச்சு! அந்தம்மா மேல தப்பு இல்ல!"

அம்மா கையுறைகளைக் கழற்றி அவன் பக்கத்துத் தொட்டியில் போட்டாள். "நாளைக்கு எதுக்கு? இன்னிக்கே நிக்கிறேன்" என்று குழாயடிக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். வெந்த கையின் தோல் இழுத்துப் பிடித்திருந்தது, விரல்கள் முழுதாக மடங்கவில்லை. வந்து தன் பழைய இடத்தில் நின்றாள். எதிரே சோடா.

"அக்கா..."

"பேசாத. வேலையப் பாரு. படத்த ஒட்டி வச்சிருக்கா பாரு, கோணலா."

"கோணலா இல்ல. நேராத்தான் இருக்கு."

"உன் மூஞ்சி கோணல்."

சோடா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். அவளே கம்பியை ஒருமுறை தட்டினாள். அது கீழே இறங்கி, மேலே ஏறி, கட்டில்லாமல் ஆடியது. யாரோ மெயினைப் போட்டார்கள். உருளை உறுமிச் சுழன்றது. தொட்டியிலிருந்து ஈர விரிப்பு ஒன்றை எடுத்து, அம்மா ஒரு முனையும் சோடா ஒரு முனையுமாகப் பிடித்தார்கள்.

டிகிரி சுவரோரத் தட்டில், பழைய இடத்திலேயே கேமராவை வைத்தாள். மேஸ்திரி பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஆச்சா?" என்றாள் சோடா.

அம்மா தலையைத் திருப்பி மகளைப் பார்த்தாள்.

"ஏ டிகிரி. நீ சுத்தியாச்சா?"

டிகிரி குனிந்து, பின்னாலிருந்த சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள். புது ஃபிலிமின் முதல் எண் நடுவில் வந்து நின்றிருந்தது.

"ஆச்சும்மா."

அம்மா திரும்பினாள். துணியின் ஓரத்தை வெந்த கையால் ஒருமுறை நேராக்கினாள். சரியாக வரவில்லை. உருளை சுழன்றுகொண்டிருந்தது, எல்லாரும் காத்திருந்தார்கள், மேஸ்திரி கால் மாற்றி நின்றான். அவள் அவசரப்படவில்லை. இன்னொரு முறை நேராக்கினாள்.

"ஆச்சு" என்றாள்.